‘எல்லாம் தனி ஆளா’வா? ஸ்டீவ் வின்வுட் பஞ்சாயத்து

ஹேமண்ட் பித்தன்:
பக்கத்து இழையில ஒருத்தர் போற போக்குல எழுதிட்டுப் போயிருக்கார்: “ஸ்டீவ் வின்வுட்டா? எண்பதுகள்ல பீர் விளம்பரத்துக்குப் பாட்டு குடுத்தவர்தானே?” பத்திக்கிட்டு வருது. இங்கிலாந்து பர்மிங்காம்காரர் அவர், பாடகர், ஆர்கன் வாசிக்கிறவர். ஸ்பென்சர் டேவிஸ் குரூப்ங்கிற இசைக்குழுவுல சேர்ந்தப்போ மீசையே முளைக்கலை. அவங்க ‘கிம்மி சம் லவ்வின்’ பாட்டு வந்தப்போ வயசு 18. 1967-ல டிராஃபிக் குழு, 1969-ல கிட்டார்காரர் எரிக் கிளாப்டனோட பிளைண்ட் ஃபெய்த் குழு. 1980 கடைசியில வந்த ‘ஆர்க் ஆஃப் எ டைவர்’ ஆல்பத்தை க்ளோஸ்டர்ஷர் வீட்டு ஸ்டுடியோவுல உட்கார்ந்து எல்லாம் தனி ஆளா பண்ணினார். இதுக்குப் பேரு விளம்பரப் பாடகரா?

கேசட் காலம்:
எல்லாம் தனி ஆளாவா? பாட்டு வரிகள் யாரு? வில் ஜென்னிங்ஸ், விவியன் ஸ்டான்ஷல், ஜார்ஜ் ஃப்ளெமிங். எங்க ஊர்ல ஒண்ணும் மூணும் நாலு.

ஹேமண்ட் பித்தன்:
ஐயா, வாத்தியத்தைச் சொன்னேன். டிரம்ஸ், பாஸ், கிட்டார், ஆர்கன், சிந்தசைசர், பின்னணிக் குரல் எல்லாம் அவரே. ஒலிப்பதிவும் அவரே.

கேசட் காலம்:
மேலே போய் நீங்க எழுதினதைப் படிங்க. “எல்லாம் தனி ஆளா”. வாத்தியம்ங்கிற வார்த்தையே இல்லை.

மூக் மோகன்:
இதையெல்லாம் பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1970-லயே தன் ஆல்பத்துல பண்ணிட்டார். பத்து வருஷம் லேட்டா வந்துட்டு என்ன பெருமை?

கேசட் காலம்:
அதுல அவர் மனைவி லிண்டா பாடியிருக்காங்க. அதுவும் தனி ஆள் இல்லை.

ஹேமண்ட் பித்தன்:
மோகன் தம்பி, நடுவுல வராதீங்க. கீபோர்டுக்காரர் கீத் எமர்சன் பத்தின இழையில நீங்க என்னைச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். அந்த ஆல்பத்துல ‘வைல் யூ சீ எ சான்ஸ்’ பாட்டை ஹெட்போன்ல கேளுங்க. முதல்ல டிரம்ஸ் கிடையாது, கீபோர்டு மட்டும். அப்புறம் வர்ற சிந்தசைசர் தனி வாசிப்புல ஒவ்வொரு சுரமும் லேசா வளைஞ்சு நெளியும்.  மிஷினை வாய்ப்பாட்டு மாதிரி வாசிக்கிறார். அதுக்கு முன்னாடி 1968-ல நியூயார்க்ல, கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸோட ‘வூடூ சைல்’ பதினஞ்சு நிமிஷப் பாட்டு. அதுல ஹேமண்ட் ஆர்கன் வாசிச்சது இவர்தான். கிட்டார் ஒரு அடி எடுத்து வச்சா ஆர்கன் பதில் சொல்லும், முந்தாது. 19 வயசுப் பையனுக்கு அந்த அடக்கம் எங்கேருந்து வந்தது?

கேசட் காலம்:
அருமையா எழுதறீங்க. வரிகள் யாரு எழுதினா?

நள்ளிரவு ரேடியோ:
நான் ‘கால் ஆன் மீ’ பாட்டு வழியாத்தான் இவரைக் கண்டுபிடிச்சேன். 2004-ல டி.ஜே. எரிக் பிரிட்ஸ், வின்வுட்டோட பழைய ‘வேலரி’ பாட்டை எடுத்து அதைப் பண்ணப்போ வின்வுட்டே திரும்பப் பாடிக் குடுத்தாராம். நல்ல மனுஷன்.

ஹேமண்ட் பித்தன்:
அந்த டிஸ்கோவை இங்க கொண்டு வராதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன்.

நள்ளிரவு ரேடியோ:
புதுசா வர்றவனைத் துரத்தத்தான் இந்தக் குழுவா?

மூக் மோகன்:
பீர் விளம்பரம் பொய்யா? 1988-ல மிக்கலோப் விளம்பரத்துல அவர் பாட்டு வந்தது உண்மைதானே? அதே வருஷம் ‘ரோல் வித் இட்’ பாட்டு. நாலு வாரம் அமெரிக்காவுல முதலிடம்னு குதிப்பீங்க. பழைய மோட்டவுன் கம்பெனிப் பாட்டு சாயல் இருக்குன்னு அதை எழுதின ஹாலண்ட், டோஸியர், ஹாலண்ட் மூணு பேர் பேரையும் அப்புறம் சேர்க்க வேண்டியதாச்சு.

கேசட் காலம்:
ஆக அதுவும் தனி ஆள் இல்லை.

ஹேமண்ட் பித்தன்:
அது தனி ஆளுன்னு யாருய்யா சொன்னா! ‘ஹையர் லவ்’ பாட்டுல சாகா கான் கூடப் பாடினாங்க, ஜே.ஆர். ராபின்சன் டிரம்ஸ். அதை மறைச்சேனா? அதுக்குத்தானே கிராமி வாங்கினார்! நான் சொன்னது ஒரே ஒரு ஆல்பம்.

கேசட் காலம்:
அந்த ஒரே ஆல்பத்துலதான் மூணு பேர் வரி எழுதியிருக்காங்க. கேசட் அட்டையை மடிச்சு மடிச்சுப் படிச்சு வளர்ந்தவன் நான். எனக்கு ஆர்கன் வாசிக்கத் தெரியாது, எழுத்து படிக்கத் தெரியும்.

ஹேமண்ட் பித்தன்:
சரி, ஒரு கேள்வி. சமையல்காரர் தனியா விருந்து சமைச்சார்னு சொன்னா, நெல்லையும் அவரே விதைச்சாரான்னு கேப்பீங்களா?

கேசட் காலம்:
“எல்லாம் தனி ஆளா”ன்னு பந்தியில கத்தினா கேப்பேன்.

நள்ளிரவு ரேடியோ:
டிராஃபிக்ல யாருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?

ஹேமண்ட் பித்தன்:
நாளைக்குத் தனி இழை போடறேன். மோகனுக்கு அங்க இடமில்லை.

மூக் மோகன்:
தனி இழையா, தனி ஆளாவா?