புதுப்பிப்பு: ஆய்வுவழிப் பாடங்களுக்கு ஒரே சட்டகம் போதுமா?

மாணவர்களே ஆராய்ந்து கற்கும் இணையப் பாடங்களை ஒவ்வொரு முறையும் வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்காமல், மறுபடி பயன்படுத்தும் சட்டகங்களை, அதாவது முன்பே வகுத்த படிவரிசைகளைக் கொண்டு அமைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அமைக்கலாம், ஆனால் எல்லாத் தலைப்புக்கும் ஒரே சட்டகம் பொருந்தாது.

'ஊகி, பார், விளக்கு' என்ற பழைய வரிசையை வெப்பப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டேன். ஒரே அறையில் இரவு முழுக்கக் கிடந்த இரும்புக் கரண்டி, மரக் கரண்டி: எதன் வெப்பநிலை குறைவு? பலர் இரும்பு என்பார்கள், தொட்டால் சில்லென்று இருக்கிறதே! வெப்பமானி இரண்டுக்கும் ஒரே அளவைத்தான் காட்டும். இரும்பு கையின் சூட்டை வேகமாகக் கடத்திவிடுகிறது, அவ்வளவுதான்.

சட்டகத்தின் உயிர் சின்ன விஷயங்களில் இருக்கிறது. ஊகத்தை அனுப்பும்வரை வெப்பமானிப் பக்கம் திறக்கக் கூடாது. விளக்கம் எழுதும் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாணவரின் முதல் ஊகம் அப்படியே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் 'எனக்கு அப்பவே தெரியும்' கதைதான்.

அப்புறம் மின்சுற்றுப் பாடம். அதே சட்டகத்தில் கேள்வியையும், திரையில் சோதித்துப் பார்க்கும் சிமுலேஷனையும் மாற்றினால் போதுமாக இருந்தது.

உயிரினங்களின் பரிணாமப் பாடத்துக்கு இந்தச் சட்டகம் ஒத்துவரவில்லை. ஒரே பார்வையில் விடை தெரிகிற தலைப்பா அது? அதற்கு, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான வைஸ் (WISE) என்ற இணைய அறிவியல் பாடத் தளத்தின் வரிசை பரவாயில்லை: இருக்கும் கருத்துகளை வெளிக்கொணர்வது, புதியவற்றைச் சேர்ப்பது, சான்றுகளை வைத்துப் பிரித்தறிவது, பிறகு தொகுத்து யோசிப்பது. பிரித்தறியும் படிக்குத்தான் நேரம் அதிகம் ஒதுக்க வேண்டும், அதைத்தான் பலரும் அவசரமாகத் தாண்டுகிறார்கள்.