இந்த மீரோ லித்தோகிராஃப் அசல்தானா?

நண்பர்களே, ஸ்பானிய ஓவியர் ஜுவான் மீரோவின் லித்தோகிராஃப் (கல்லச்சுப் படம்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பாரிஸின் மாக் கலைக்கூடம் 1946 முதல் 1982 வரை வெளியிட்ட 'டெரியேர் லெ மிருவார்' இதழிலிருந்து பிரித்தது என்றார் விற்றவர். பென்சில் கையெழுத்து இல்லை, பிரதி எண் இல்லை, நடுவில் மடிப்பு. அந்த இதழ்த் தாள்கள் பெரும்பாலும் அப்படித்தான் என்பதால் அது உறுத்தவில்லை.

உருப்பெருக்கியில் பார்த்தேன். கறுப்பில் க்ரேயான் இழுத்த மாதிரி ஒழுங்கில்லாத சொரசொரப்பு, அழகு! ஆனால் சிவப்பின் ஒரு மூலையில் மட்டும் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கின்றன. என் கண் கோளாறோ என்னவோ.

வரிசைப் புள்ளி என்றாலே ஆஃப்செட், அதாவது படமெடுத்து இயந்திரத்தில் அச்சிட்ட நகல் என்று முடிவு கட்டலாமா? தாளின் இழைகூட அப்படித் தெரியுமா? இதே இதழ்த் தாள் வைத்திருப்பவர்கள் சிவப்பை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்துப் போட முடியுமா? அப்புறம், மடிப்பை நிமிர்த்தலாமா, அப்படியே சட்டமிடலாமா?