தி கல்ட்டின் 'லவ்' ஆல்பம் ஏன் இன்னும் பழசாகவில்லை?

கறுப்புத்தட்டு:
எண்பதுகளின் பிரிட்டிஷ் கோத் (இருண்ட, சோக மூட்டமான ராக் வகை) ஆல்பங்களை இப்போது போட்டால் இரண்டு பாட்டுக்கு மேல் எனக்குத் தாங்குவதில்லை. ஆனால் தி கல்ட் குழுவின் 'லவ்' (1985) மட்டும் முழுசாக ஓடுகிறது. இத்தனைக்கும் இதிலும் எதிரொலியைக் கொட்டித்தான் வைத்திருக்கிறார்கள், இயான் ஆஸ்ட்பரி ஓநாய், நிலா, மழை என்று பாடிக்கொண்டே போகிறார், பாதி வரிக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியுமா தெரியவில்லை. 'ஷி செல்ஸ் சாங்க்சுவரி' என்ற ஒரே பாட்டால் பிழைத்த ஆல்பம் இது என்கிறான் நண்பன். அவ்வளவுதானா?

ஆறாம்தந்தி:
உங்கள் நண்பர் இதே ஆல்பத்தில் இருக்கும் 'தி ஃபீனிக்ஸ்' பாட்டைக் கேட்டதே இல்லை போல. ஐந்து நிமிஷம் வா-வா பெடலை (கிட்டாரை 'வா வா' என்று பேச வைக்கும் கால்மிதி) மிதித்துக்கொண்டே இருக்கிறார் குழுவின் கிட்டாரிஸ்ட் பில்லி டஃபி, அது கோத்தே இல்லை, அப்பட்டமான அறுபதுகளின் சைகடெலிக், அதாவது மயக்கம் தரும் கனவு மாதிரி ராக்.

என்னைக் கேட்டால் எல்லாம் டஃபி வாசித்த அந்தக் கிட்டாரில் இருக்கிறது. கிரெட்ச் ஒயிட் ஃபால்கன் உள்ளே கூடாக இருக்கும் பெரிய கிட்டார், சத்தத்தை ஏற்றினால் ஊளையிடும், ஹார்ட் ராக் வாசிக்கிறவர்கள் பொதுவாகப் பக்கத்திலேயே போக மாட்டார்கள். அதில் டிலே (ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது), ஃபிளாஞ்சர் (ஒலியைச் சுழல வைப்பது) பெடல்கள் எல்லாம் போட்டு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, அடித்தால் ஒலி கனமாகவும் இருக்கும், பனி மாதிரி கலைந்தும் போகும். 'சாங்க்சுவரி' தொடக்கம் வந்த கதை தெரியுமா? ஸ்டுடியோவில் கிடந்த வயலின் வில்லை எடுத்து, ஆஸ்ட்பரியைச் சிரிக்க வைக்க, லெட் செப்பலின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் மாதிரி தந்தியைத் தட்டியிருக்கிறார் டஃபி, பெடல்கள் எல்லாவற்றையும் மிதித்துவிட்டு. அப்புறம் வில்லை வைத்துவிட்டு அதே பெடல்களோடு பாட்டின் நடுப்பகுதியை வாசித்ததும் தயாரிப்பாளர் ஸ்டீவ் பிரவுன் அதையே தொடக்கமாக வைக்கச் சொல்லிவிட்டார். பாட்டில் கார்டு என்று பார்த்தால் டி, சி, ஜி, அவ்வளவுதான். வீட்டில் வாசித்துப் பாருங்கள், விரல் ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிடும், அந்த ஒலி மட்டும் வரவே வராது.

தாளக்காரன்:
எல்லோரும் கிட்டாரையே பேசுங்கள், ட்ரம்ஸ் வாசித்தவனை மறந்துவிடுங்கள் :) 'சாங்க்சுவரி'யில் வாசித்தவர் நைஜல் பிரெஸ்டன். அவரை நீக்கிய பிறகு மீதி ஆல்பத்துக்கு பிக் கன்ட்ரி குழுவின் மார்க் பிரெஸிக்கியை வரவழைத்தார்கள். 'ரெயின்' கேளுங்கள், ஆள் எங்கேயும் அலட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் பாட்டு ஓட்டமாக ஓடும். மற்ற கோத் குழுக்கள் பலவற்றில் ட்ரம் மெஷின் டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பிரவுன் வேறு வாம்! குழுவின் ஆரம்பப் பாட்டுகளைத் தயாரித்தவர், பாப் பாட்டை எங்கே தூக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

இரும்புச்செவி:
நான் கட்சி மாறுகிறேன். 'லவ்' நல்ல ஆல்பம்தான், ஆனால் 'பிரதர் வுல்ஃப், சிஸ்டர் மூன்' ஏழு நிமிஷத்தை நெருங்குகிறது, ஓநாய் வந்து சேர்வதற்குள் நான் டீ போட்டுக் குடித்துவிடுவேன். 1987இல் ரிக் ரூபின் தயாரித்த அடுத்த ஆல்பம் 'எலெக்ட்ரிக்' எனக்குப் போதும். எதிரொலியைத் துடைத்து எறிந்தார், டஃபியும் லெஸ் பால் என்ற உள்கூடு இல்லாத கிட்டாருக்கு மாறினார், நேரடியாக ராக்.

ஆறாம்தந்தி:
@இரும்புச்செவி, நீங்கள் துடைத்தது என்று சொல்வதைத்தான் நான் இழப்பு என்கிறேன். 'எலெக்ட்ரிக்' எனக்கும் பிடிக்கும், ஆனால் அதை வேறு குழுவும் போட்டிருக்கலாம். 'லவ்' எடுக்கும்போது இவர்கள் கோத்தை இன்னும் முழுசாக விடவில்லை, ஹார்ட் ராக்குக்கு முழுசாகப் போகவும் இல்லை. அப்படி இரண்டுங்கெட்டானாக நின்ற நேரத்தில் வந்த ஒலி அது. மறுபடி அவர்களுக்கே வரவில்லை. அடுத்த ஆல்பத்தையும் முதலில் பிரவுனோடுதான் பதிவு செய்தார்கள், 'பீஸ்' என்று பெயர். பிடிக்காமல் ஓரமாக வைத்துவிட்டுத்தான் ரூபினிடம் போனார்கள்.

கறுப்புத்தட்டு:
அட, 'பீஸ்' விஷயம் எனக்குப் புதுசு. எங்கே கிடைக்கும்?

தாளக்காரன்:
2000இல் வந்த 'ரேர் கல்ட்' தொகுப்பில் முழுசாக இருக்கிறது. கேட்டுவிட்டு 'எலெக்ட்ரிக்' போடுங்கள், அதே பாட்டுகள் பலவற்றை இரண்டு விதமாகவும் கேட்கலாம்.