கில்மன்ஸ் தொட்டவுக கிளிமஞ்சாரோ ஏறினவுகளா? (மரங்கு – மச்சாமே வழித் தகராறு)

மலைக்கிறுக்கன் காரைக்குடி:
ஆப்பிரிக்காவுல, தான்சானியாவுல இருக்கிற கிளிமஞ்சாரோ மலைக்கு அப்பாவைக் கூட்டிப் போக எந்த வழி நல்லதுன்னு நேத்து ஒருத்தவுக கேட்டாக. அதுக்கு நம்ம தேவகோட்டை நடையண்ணன் பதில் எழுதியிருக்காக. அப்படியே தர்றேன்: "கிளிமஞ்சாரோவுக்கு மரங்கு வழி போதும். அஞ்சு நாள்ல முடிஞ்சிரும். பழனிக்கு நடந்த காலுக்கு அதெல்லாம் ஒரு மலையா? மச்சாமே, லெமோஷோன்னு சொல்றவன்லாம் ஏஜென்ட்டுக்கிட்ட கமிஷன் வாங்குறவன்."

கமிஷனை விடுங்க. மச்சாமேயும் லெமோஷோவும் அதே மலைக்கு வேற வழிக. இதை நம்பி யாராவது அப்பச்சியைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா என்ன ஆகும்? மரங்குல முதல் ராத்திரி மண்டாரா, 2,700 மீட்டர். ரெண்டாம் ராத்திரி ஹொரோம்போ, 3,720. மூணாம் நாள் கிபோ, 4,700. அங்க போய்ச் சாஞ்சு கண்ணு மூடுறதுக்குள்ள நடுராத்திரி எழுப்பி உச்சிக்கு விரட்டிருவாக. நம்ம காரைக்குடி கடல் மட்டத்துல இருந்து நூறு மீட்டர் கூடக் கிடையாது. அந்த உடம்பைத் தினம் ஆயிரம் மீட்டர் தூக்குறீக. மூவாயிரம் மீட்டரைத் தாண்டினா படுக்குற உயரம் ஒரு நாளைக்கு ஐந்நூறுக்கு மேல கூடக்கூடாதுன்னு மலை டாக்டர்கள் தலையால அடிச்சுச் சொல்றாக.

மச்சாமேல மூணாம் நாள் லாவா டவருக்கு, 4,600க்கு ஏத்திட்டு, படுக்கிறதுக்கு பரான்கோவுக்கு, 3,960க்கு இறக்கிருவாக. உயரத்தைக் காட்டிட்டுக் கீழ படுக்கப் போடுறது. உடம்பு பழகுறது அதுலதான்.

கடைசியா ஒண்ணு. அண்ணனோட முகப்புப் படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. பின்னால பலகையில இருக்கிறது கில்மன்ஸ் பாயிண்ட், எரிமலை வாயோட விளிம்பு, 5,685. உச்சி உஹுரு, 5,895. ஏறாத மலைக்கு அண்ணன் வழி சொல்லிக்கிட்டு இருக்காக.

தேவகோட்டை நடையன்:
அடுத்தவன் போட்டோவைப் பெருசாக்கிப் பாக்குற அளவுக்குத் தம்பிக்கு ஓய்வு இருக்கு. சந்தோஷம். தான்சானியா தேசியப் பூங்காக்காரன் கையெழுத்துப் போட்டுக் குடுத்த சான்றிதழ் ஃப்ரேம் போட்டு எங்க வீட்டு வளவுல தொங்குது. அவன் மலையைப் பத்தி அவனுக்குத் தெரியுமா, காரைக்குடி டீக்கடையில ஒக்காந்திருக்கிற உங்களுக்குத் தெரியுமா?

அஞ்சு நாள்னு சொன்னேன், ஆறு நாள் எடுக்காதேன்னு சொன்னேனா? ஹொரோம்போவுல ஒரு நாள் கூடத் தங்கினா அன்னிக்கு ஜீப்ரா ராக்ஸ் வரைக்கும், 4,000 மீட்டர் பக்கம், ஏத்தி இறக்குவாக. நீங்க சொல்ற அதே வித்தைதான். அப்புறம் மரங்குல மரவீடு, கட்டில், மெத்தை. மச்சாமேல கூடாரம். மழையில கூடாரத்துல படுத்து எந்திரிச்ச அனுபவம் இருக்கா?

மலைக்கிறுக்கன் காரைக்குடி:
மெத்தையைப் பத்திக் கேக்கல. கில்மன்ஸைப் பத்திக் கேட்டேன்.

கண்டனூர் மீனா:
அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். எங்க அப்பச்சிக்கு 61 வயசு. தினம் காலையில நடக்கிறாக, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில இருந்து காவடியோட நடந்து போறவுக. பிரஷர் மாத்திரை சாப்பிடுறாக. இறங்குறப்போ மட்டும் முட்டி வலிக்குதுங்கிறாக. எந்த வழி நல்லதுன்னுதான் கேட்டேன். சண்டையை ஆரம்பிச்சு வச்சதுக்கு என்னைத் திட்டாதீக.

ரங்கூன் பேரன்:
மீனா ஆச்சி, முட்டியைச் சொன்னது நல்லதாப் போச்சு. மச்சாமேல ஏறினா இறங்குறது மவேகா வழி. உச்சியைப் பார்த்த அன்னிக்கே 3,100 மீட்டர்ல இருக்கிற மவேகா முகாம் வரைக்கும் இறக்கிருவாக. ஒரே நாள்ல ரெண்டாயிரத்து எண்ணூறு மீட்டர் கீழே. மறுநாள் காட்டுக்குள்ள சேறும் படியும் வேற. மரங்குல அன்னிக்கு ஹொரோம்போவோட நிறுத்திருவாக. முட்டிக்கு மரங்குதான் கொஞ்சம் கருணை காட்டும்.

வடக்குப் பக்கம், கென்யா எல்லை ஓரமா ரொங்காய்னு ஒரு வழி இருக்கு. மழை கம்மி, கூட்டமும் கம்மி, சரிவு நிதானம். அதையும் யோசிங்க. யாராவது செலவு மிச்சம்னு வெஸ்டர்ன் பிரீச் வழியைச் சொன்னா காதுலயே வாங்காதீக. 2006 ஜனவரியில பாறை உருண்டு மூணு பேர் செத்த இடம் அது.

தேவகோட்டை நடையன்:
பாத்தீகளா! இவரு விவரம் தெரிஞ்சவரு. முட்டிக்கு மரங்கு.

மலைக்கிறுக்கன் காரைக்குடி:
ரொங்காயும் கடைசியில கிபோ பக்கத்துச் சரளைச் சரிவுல ஏறி அதே கில்மன்ஸ்லதான் கொண்டு போய் விடும். நான் சொல்றது யாருக்கும் ஏறவே மாட்டேங்குது. திரும்ப எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

கிபோவுல இருந்து கில்மன்ஸ் வரைக்கும் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏத்தம். முழுக்கச் சரளை. ரெண்டு அடி வச்சா ஒரு அடி சறுக்கும். ராத்திரியில ஏத்துறதுக்கு அதுவும் ஒரு காரணம், குளிர்ல சரளை கொஞ்சம் இறுகிக் கிடக்கும். தலைவிளக்கு வெளிச்சத்துல முன்னாடி போறவரோட குதிகாலைத் தவிர ஒண்ணும் தெரியாது. பாட்டில் தண்ணி மூடிப் பக்கம் உறைய ஆரம்பிக்கும், அதனால பாட்டிலைத் தலைகீழா வைக்கச் சொல்லுவாக. அப்படி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு எரிமலை வாயோட விளிம்புக்கு வந்தா ஒரு பலகை. கில்மன்ஸ் பாயிண்ட், வாழ்த்துகள். அங்க ஒக்காந்தவன் எந்திரிக்க மாட்டான். உஹுரு இன்னும் 210 மீட்டர் மேல, விளிம்பு ஓரமா ஒண்ணரை மணி, ரெண்டு மணி நடை. பலகையைப் பாத்ததும் மனசு விட்டுப் போகும். வழியே அப்படி அமைஞ்சிருக்கு.

மச்சாமேல வந்தா விளிம்பைத் தொடுறது ஸ்டெல்லா பாயிண்ட்ல, 5,756. அங்கேயிருந்து உஹுரு ஒரு மணி நேரம். மிச்சம் இருக்கிற தூரம் பாதிதான். இதுதான் வித்தியாசம். அண்ணன் திரும்பினது கில்மன்ஸ்ல.

பிரான்மலைப் பாரி:
நான் தெரியாமக் கேக்குறேன், ஸ்டெல்லாவுல ஒக்காந்தவன் மட்டும் எந்திரிச்சிருவானா?

மலைக்கிறுக்கன் காரைக்குடி:
பாரி, நீங்க மொதல்ல பர்வதமலையில என்கிட்ட வாங்கின டார்ச்சைத் திருப்பித் தாங்க. அப்புறம் கேள்வி கேக்கலாம்.

பிரான்மலைப் பாரி:
அந்த டார்ச்சு எரியவே இல்ல. எரியாத டார்ச்சைக் குடுத்துட்டு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுறாரு.

தேவகோட்டை நடையன்:
சான்றிதழ் விஷயத்துக்கு வாங்க. கில்மன்ஸ் தொட்டவுகளுக்கும் சான்றிதழ் உண்டு, ஸ்டெல்லா தொட்டவுகளுக்கும் உண்டு, உஹுருவுக்கும் உண்டு. ஏறலைன்னா எதுக்குய்யா குடுக்கிறான்? காலையில வெளிச்சம் வந்தப்போ எங்க கைடு என் கண்ணைப் பாத்தாரு, நடையைப் பாத்தாரு, போதும் இறங்கலாம்னாரு. கைடு பேச்சைக் கேக்கணும்னு நீங்கதானே மூச்சுக்கு முந்நூறு தடவை எழுதுவீக?

மலைக்கிறுக்கன் காரைக்குடி:
கேட்டது ரொம்பச் சரி. கைடு இறங்குன்னா இறங்கித்தான் ஆகணும், அந்த உயரத்துல மூளையிலயோ நுரையீரல்லயோ நீர் கோத்தா இறங்குறதைத் தவிர உருப்படியான வைத்தியம் இல்ல. இறங்கினதைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லல. இறங்கி வந்து "அதெல்லாம் ஒரு மலையா"ன்னு எழுதினீகளே, அதைச் சொல்றேன்.

குன்றக்குடியில இருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல்னு நடந்து, பழனி அடிவாரத்துல பாத விநாயகரைக் கும்பிட்டுட்டுத் திரும்பி வந்தவன், முருகனைப் பாத்தேன்னு சொல்லலாமா?

தேவகோட்டை நடையன்:
சாமி விஷயத்தை இதுல இழுக்காதீக. எங்க வீட்டுல ஐயா காலத்துல இருந்து காவடி எடுக்கிறோம். நீங்க போன வருஷம் செருப்புப் போட்டு நடந்த ஆளு.

மலைக்கிறுக்கன் காரைக்குடி:
காலுல முள்ளு. டாக்டர் சொன்னாரு.

கானாடுகாத்தான் ஆச்சி:
காலணி போட்டு நடக்கிறதா வெறுங்கால்ல நடக்கிறதாங்கிறது அவுக அவுக வேண்டுதல். அதை ஏன் இங்க பேசுறீக? மீனா, நான் மகனோட மரங்கு போனவ. நிம்மதியாத்தான் இருந்துச்சு. கிபோவுல மட்டும் தண்ணி கிடையாது, போர்ட்டர் பையன்க கீழ இருந்து சுமந்து கொண்டாந்தாக. அந்தத் தண்ணியில ஒரு டம்ளர் வீணாக்க மனசு வரல. அங்க ஒரே கூடத்துல அடுக்குக் கட்டில், ஒருத்தர் இருமினா அத்தனை பேரும் முழிச்சுக்கிருவாக. மாவுருண்டையும் தேன்குழலும் கொண்டு போயிருந்தோம். மேல போகப் போக வாயில வைக்க முடியல. பசியே செத்துப்போகும். கஞ்சியும் சூப்பும்தான் இறங்குச்சு. பலகாரத்தைப் பிளாஸ்டிக் பையில கட்டிக்கிட்டுப் போயிராதே, அந்த நாட்டுல 2019லயே பிளாஸ்டிக் பையைத் தடை பண்ணிட்டாக.

பிரான்மலைப் பாரி:
மலைக்கு மாவுருண்டை சரிப்படாது ஆச்சி. சீப்புச்சீடைதான் உடையாம, நமுத்துப் போகாம இருக்கும்.

கானாடுகாத்தான் ஆச்சி:
சீப்புச்சீடையைக் குளிர்ல கடிச்சுப் பாரு தம்பி, பல்லு இருந்தா வந்து சொல்லு.

மலைக்கிறுக்கன் காரைக்குடி:
ஆச்சி, குறுக்கே கேக்கிறேன்னு நினைக்காதீக. நீங்க உஹுருவா, கில்மன்ஸா?

கானாடுகாத்தான் ஆச்சி:
நான் ஹொரோம்போவுலயே ஒக்காந்து பக்கத்துச் சிகரம் மாவென்சியைப் பாத்துக்கிட்டு இருந்தேன். மகன்தான் மேல போனான். அவன் எது வரைக்கும் போனான்னு நான் கேட்டுக்கிடல. பத்திரமா வந்தான்.

தேவகோட்டை நடையன்:
பெத்தவுகளே கேக்கல. இவரு கேக்கிறாரு.

ரங்கூன் பேரன்:
ஒரு விஷயத்தை யாருமே சொல்லல. பழனிக்கு நடக்கிறது காலுக்குப் பயிற்சி, சரிதான். ஆனா உயரத்துல வர்ற நோவுக்குக் கால் பலம் ஒரு பொருட்டே இல்ல. இருபத்தஞ்சு வயசு ஓட்டக்காரன் வாந்தி எடுத்துக் கவுந்து கிடப்பான், அறுபது வயசுக்காரர் மெள்ள மெள்ள நடந்து தாண்டிப் போயிருவாரு. அங்க கைடுக மூச்சுக்கு மூச்சு "போலே போலே"ன்னு சொல்றது அதுக்குத்தான், மெதுவாப் போங்கன்னு அர்த்தம். மீனா ஆச்சி, எந்த வழியா இருந்தாலும் ஒரு நாள் கூடுதலா எடுங்க. மரங்குன்னா ஆறு நாள், மச்சாமேன்னா ஏழு நாள். அந்த நோவுக்குச் சாப்பிடுற டயமாக்ஸ் மாத்திரை பத்தி அப்பச்சியோட டாக்டர்கிட்ட இப்பவே கேளுங்க. சல்பா மருந்து ஒத்துக்காதவுகளுக்கு அது ஆகாது, பிரஷர் மாத்திரையோட சேருமான்னும் பாக்கணும். மார்ச்சுல இருந்து மே வரைக்கும் பெருமழை, அப்போ போகாதீக.

தேவகோட்டை நடையன்:
ஆறு நாள் மரங்கு. நான் சொன்னதுதான்.

மலைக்கிறுக்கன் காரைக்குடி:
நீங்க சொன்னது அஞ்சு. மேல எழுத்துல கிடக்கு. இப்போ சத்தமில்லாம ஆறு ஆயிருச்சு. நாளைக்கு கில்மன்ஸும் 5,895 ஆயிரும்.

வரலாறும் சொல்றேன் கேட்டுக்கிடுங்க. அந்த மலையை முதல்ல ஏறினதாப் பதிவாகியிருக்கிறது ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும், 1889 அக்டோபர். அக்டோபர் 3ஆம் தேதியே ரெண்டு பேரும் பனியில படி வெட்டி எரிமலை வாயோட விளிம்புக்கு வந்துட்டாக. உச்சி இன்னும் தள்ளி இருக்குன்னு தெரிஞ்சுச்சு, தெம்பு இல்ல, இறங்கிட்டாக. அதை ஏறினதா அவுக எழுதிக்கிடல. ஓய்வு எடுத்துட்டு 6ஆம் தேதி திரும்ப ஏறி உச்சியைத் தொட்டாக. அன்னிக்கு மேயருக்குப் பலகையும் இல்ல, சான்றிதழ் குடுக்க ஆளும் இல்ல. விளிம்பு வேற, உச்சி வேறங்கிறது அவருக்கே தெரிஞ்சிருக்கு.

தேவகோட்டை நடையன்:
அவரு ஜெர்மன்காரரு, மூணு நாள் கழிச்சுத் திரும்ப ஏறினாரு. எனக்கு விசாவும் லீவும் முடிஞ்சிருச்சு. மேயருக்கு லீவு சொல்ல வேண்டிய மேனேஜரு இருந்தாரா?

பிரான்மலைப் பாரி:
இது ஞாயமான கேள்வி.

மலைக்கிறுக்கன் காரைக்குடி:
டார்ச்.

கண்டனூர் மீனா:
அப்பச்சி இதையெல்லாம் படிச்சிட்டாக. பரான்கோ சுவர்னு ஒண்ணு மச்சாமேல இருக்காமே, கையை ஊனி ஏறணுமாமே, அது எப்படின்னு கேக்கச் சொல்றாக.

ரங்கூன் பேரன்:
250 மீட்டர் உயரம் இருக்கும். கயிறு தேவையில்ல. ஓரிரண்டு இடத்துல பாறையைக் கட்டிப்பிடிச்சு நகரணும். ஏறிட்டா அந்த மலையிலேயே ரசமான காலைப்பொழுது அதுதான். தலையில மூட்டையோட போர்ட்டர்க நம்மளைத் தாண்டிப் போறதைப் பாத்தா நமக்கு வெக்கமா இருக்கும்.

தேவகோட்டை நடையன்:
போர்ட்டர்னதும் ஞாபகம் வந்துச்சு. ஒரு போர்ட்டருக்கு 20 கிலோ வரைக்கும்தான்னு விதி. கிறுக்கன் தம்பி லேப்டாப் தூக்கிட்டுப் போனவரு. அதைச் சுமந்தது யாருன்னு கேளுங்க.

மலைக்கிறுக்கன் காரைக்குடி:
லேப்டாப் இல்ல, கேமரா. அதை நான்தான் சுமந்தேன், உஹுரு வரைக்கும். வேணும்னா படம் போடுறேன், பலகையோட. நீங்களும் போடுங்க, உங்க வளவுல தொங்குற சான்றிதழை. பேரை மறைச்சுக்கிடுங்க, உயரம் மட்டும் தெரிஞ்சாப் போதும்.

தேவகோட்டை நடையன்:
கொப்புடையம்மன் கோயிலுக்கு வர்றப்போ கொண்டாந்து நேர்ல காட்டுறேன்.

மலைக்கிறுக்கன் காரைக்குடி:
நேர்ல வேண்டாம். எல்லாரும் பாக்கட்டும், இங்கேயே போடுங்க.

தேவகோட்டை நடையன்:
ஃப்ரேமைக் கழட்டினா சுவத்துல சுண்ணாம்பு பேந்துரும். முட்டையும் கடுக்காயும் போட்டு எங்க ஐயா இழைச்ச சுவரு. உங்களுக்காகக் கெடுக்க முடியாது.

மலைக்கிறுக்கன் காரைக்குடி:
கழட்ட வேண்டாம். தொங்குறபடியே எடுங்க. கீழ் வரியை மட்டும்.