பொதுப் பட்டறையில் எல்லா மெஷினுக்கும் ஒரே கேஸ் லைன் போதுமா?

கேள்வி:
கோவையில் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் பட்டறையில் இரண்டு மிக் வெல்டிங் மெஷின்களும் (வயரை உருக்கி ஒட்டுபவை) ஒரு டிக் வெல்டிங் மெஷினும் (டங்ஸ்டன் முனையால் ஒட்டுவது) உள்ளன. வெல்டைக் காற்றுப் படாமல் காக்கும் கேஸுக்கு ஆளுக்கொரு சிலிண்டர் வைத்திருப்பதால் வாடகையும் இடமும் வீணாகின்றன. ஒரே சிலிண்டரிலிருந்து எல்லாவற்றுக்கும் லைன் இழுக்கலாமா? செலவை எப்படிப் பிரிப்பது?

பதில் 1:
ஐயா, மூன்றுக்கும் ஒரே கேஸ் ஒத்துவராது. டிக் வெல்டிங்குக்குச் சுத்தமான ஆர்கான் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு கலந்ததைக் கொடுத்தால் டங்ஸ்டன் முனை விரைவில் கருகிவிடும். மிக் இரண்டிலும் இரும்பு வேலைதான் என்றால், 80 சதவீதம் ஆர்கானும் 20 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் கலந்த சிலிண்டர் ஒன்றிலிருந்து லைன் எடுத்து, ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி ஃப்ளோமீட்டர் (கேஸ் ஓடும் அளவைக் காட்டிச் சீராக்கும் கருவி) பொருத்துங்கள்; இல்லாவிட்டால் ஒருவர் டிரிகரை அழுத்தும்போது மற்றவருக்குக் கேஸ் குறைந்து வெல்டில் துளை விழும். நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் ஓடினால் 7 கன மீட்டர் சிலிண்டர் ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் வரும். அவரவர் தீர்த்த வயரின் எடையைக் கொண்டு செலவைப் பிரிப்பதே சண்டையில்லாத வழி என்பது என் கருத்து.

பதில் 2:
கசிவைக் கவனியுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்ப்பதும், வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வையே மூடுவதும் அவசியம். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, மணமற்றது. தாழ்வான, மூடிய அறையில் தேங்கினால் உயிருக்கே ஆபத்து. காற்றோட்டமான இடத்தில் சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டிவையுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கேஸ் கட்டிங்குக்கான அசிட்டிலீனையும் செம்புக் குழாயில் கொண்டுவரலாமா?

பதில் 2:
கூடவே கூடாது. செம்போடு அசிட்டிலீன் சேர்ந்தால் வெடிக்கக்கூடிய சேர்மம் உருவாகும். அந்தச் செட்டை ஃப்ளாஷ்பேக் அரெஸ்டருடன் (தீ குழாய்க்குள் திரும்பிப் பாய்வதைத் தடுக்கும் கருவி) தள்ளுவண்டியில் தனியாகவே வைத்திருங்கள்.