மதர் கரேஜ் மீது இரக்கப்படலாமா?

கேள்வி:
ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1939-இல் எழுதிய 'மதர் கரேஜும் அவளுடைய பிள்ளைகளும்' நாடகத்தை அண்மையில் வாசித்தேன். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில் படைகளுக்குப் பின்னால் வண்டி இழுத்துச் சில்லறைச் சரக்கு விற்றுப் பிழைக்கும் அந்தத் தாய், மூன்று பிள்ளைகளையும் போருக்கே பறிகொடுக்கிறாள். அதன் பிறகும் தனியாளாக வண்டியை இழுத்துக்கொண்டு படையின் பின்னாலேயே போகிறாள். இத்தனை பட்டும் புத்தி வராதவளைப் பார்த்து நாம் இரங்க வேண்டும் என்றா பிரெக்ட் எதிர்பார்க்கிறார்?

மறுமொழி 1:
இல்லை. 1941-இல் சூரிச்சில் முதன்முதலாக மேடையேறியபோது, அவளைத் துயரமே உருவான தாயாகக் கண்டு பார்வையாளர்கள் உருகியது அவருக்கு உவப்பாக இல்லை. ஆகவே 1949 பெர்லின் அரங்கேற்றத்துக்குள் சில இடங்களைத் திருத்தினார். காயம்பட்ட குடியானவர்களுக்குக் கட்டுப்போடச் சட்டைகளைக் கிழித்துத் தர அவள் மறுக்கும் இடம் அப்படி வந்ததுதான். போரால் பிழைப்பவள் போருக்குக் கப்பம் கட்டியே தீர வேண்டும் என்பதே நாடகத்தின் கணக்கு.

மறுமொழி 2:
கணக்கு சரிதான், ஆனால் மூன்றாம் காட்சியில் அது நிற்பதில்லை. ரெஜிமென்ட்டின் பணப்பெட்டியை ஒளித்துவைத்துப் பிடிபட்ட இளைய மகனை விடுவிக்க 200 கில்டர் கேட்கிறார்கள். வண்டியே போய்விட்டால் தனக்கும் ஊமை மகளுக்கும் வேறு பிழைப்பில்லை என்பதால் அவள் 120-க்குப் பேரம் பேசுகிறாள். பேரம் படிவதற்குள் துப்பாக்கிகள் வெடித்துவிடுகின்றன. பெற்ற பிள்ளையின் உடலைக் கொண்டுவந்து காட்டும்போது, யாரென்றே தெரியாது என்று தலையாட்ட வேண்டியிருக்கிறது. இது பேராசையா, ஏழைக் குடும்பத்தின் வரவு செலவா? வெடிச்சத்தம் கேட்டதும், பெர்லினில் தாயாக நடித்த ஹெலனே வைகல் ஓசையின்றி வாய் பிளந்த அந்த முகபாவம், சிங்கப்பூர்க் குண்டுவீச்சில் மகனை இழந்த இந்தியத் தாயொருத்தியின் பத்திரிகைப் படத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்று பிரெக்ட்டின் குறிப்புகளே சொல்கின்றன. அப்படியொரு முகத்தை மேடையில் வைத்துவிட்டு, இரங்காதே என்றால் எப்படி?

மறுமொழி 3:
இருவரும் மகள் கத்ரீனை மறந்துவிட்டீர்கள். 1636-இல் ஹாலே நகரை இரவில் தாக்கப் படை பதுங்கி வருகிறது. ஊருக்குள் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கேட்டதும், பேச முடியாத அந்தப் பெண் கூரைமேல் ஏறி முரசு கொட்டி ஊரை எழுப்பிவிட்டுச் சுடப்பட்டுச் சாகிறாள். அந்நேரம் தாய் அதே ஊருக்குள், பயந்தோடுகிறவர்களிடம் மலிவாகச் சரக்கு வாங்கப் போயிருக்கிறாள். அவளுக்கு வேறு வழியே இல்லை என்ற வாதத்தை மகளின் முரசு உடைத்துவிடுகிறது என்றே நான் நினைக்கிறேன். மகளை அடக்கம் செய்யக் குடியானவர்களுக்குக் கூலி எண்ணும்போது, வைகல் ஒரு நாணயத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வாராம். அதற்கு இரங்க என்னால் முடியவில்லை.