மவுஸ் பட்டதும் விரியும் மெனு: நீங்கள் பட்ட பாடு என்ன?

மவுஸைக் கொண்டுபோனாலே விரிகிற மெனுக்களோடு மல்லுக்கட்டிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு துணிக்கடையின் தளம் பராமரிப்புக்காக எங்களிடம் வந்தது. முன்பு செய்தவர்கள் ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பின் ஸ்லைட்டவுன், ஸ்லைட்அப் கட்டளைகள் இரண்டையும் வைத்து மெனுவை இறக்கி ஏற்றியிருந்தார்கள். கடைக்காரர் சொன்ன புகார், "மெனு பேய் புடிச்ச மாதிரி தானா ஆடுது சார்". போய்ப் பார்த்தால் நிஜமாகவே ஆடியது. மெனுவின் குறுக்கே மவுஸை வேகமாக முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுக் கையை எடுத்த பிறகும் அது இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. ஜேகுவரி அனிமேஷன்களை வரிசையில் போட்டு ஒன்று முடிந்தபின்தான் அடுத்ததைத் தொடங்கும். நேரம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒன்றுக்கு 400 மில்லி நொடி. கர்சர் நாலு முறை உள்ளே போய் வெளியே வந்தால் எட்டு அனிமேஷன், அதாவது மூன்று நொடிக்கு மேல் ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வரிசையைக் காலிசெய்யும் ஸ்டாப் கட்டளையைச் சேர்த்ததும் பேய் போய்விட்டது.

—

அண்ணா, ஜேகுவரியை எடுத்துவிட்டு பக்கத்தின் தோற்றத்தை எழுதும் வெறும் சிஎஸ்எஸ்ஸில் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்காக இது.

ஒரு கல்லூரித் தளம். துறைகளின் பட்டியல் விரிய வேண்டும். உயரம் 'ஆட்டோ' (உள்ளடக்கத்துக்கு ஏற்றபடி) என்று இருந்தால் ட்ரான்ஸிஷன், அதாவது படிப்படியான மாற்றம், இயல்பாக வேலை செய்யாது என்பதால், எழுதியவர் உச்ச உயரமான மேக்ஸ்-ஹைட்டை 0-விலிருந்து 1000 பிக்சலுக்கு அரை நொடியில் சீரான வேகத்தில் ஏற்றியிருந்தார். பட்டியலின் நிஜ உயரமோ சுமார் 200 பிக்சல். திறக்கும்போது முதல் 0.1 நொடியிலேயே படக்கென்று முழுதாக விரிந்துவிடும். மூடும்போது 1000-லிருந்து 200 வரை இறங்குகிற 0.4 நொடிக்குத் திரையில் எதுவுமே நடக்காது. ஆசிரியர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்!

உயரத்தைத் தொடாமல் ஒபாஸிட்டி (எவ்வளவு மங்கல்), ட்ரான்ஸ்ஃபார்ம் (இட நகர்வு) இரண்டை மட்டும் அசைத்து, விஸிபிலிட்டி (தெரியுமா, தெரியாதா) என்பதால் மறைக்கும்படி மாற்றினோம். உயரம் மாறினால் பிரவுசர் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பக்கத்தின் அமைப்பைத் திரும்பக் கணக்குப் போட வேண்டும். இந்த இரண்டுக்கும் அந்த வேலை இல்லை.

தமிழ்ப் பதிப்பு போட்டபோது வேறொரு கூத்து. 'மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பொறியியல்' எந்த மெனுவின் அகலத்துக்குள்ளும் அடங்குமா? இரண்டு வரியாக மடிந்தது. ஆங்கிலத்துக்கென்று இறுக்கமாக வைத்த வரி உயரத்தில் 'கி', 'கீ' எழுத்துகளின் மேல் சுழி வெட்டுப்பட்டது. அனிமேஷனுக்காக ஓவர்ஃப்ளோவை, அதாவது பெட்டிக்கு வெளியே வழிவதை, மறைத்து வைத்திருந்ததுதான் காரணம். தமிழ் மெனு செய்கிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

—

நீங்கள் இருவரும் அசைவைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அம்மா மாட்டிக்கொண்ட இடத்தில் அசைவே கிடையாது.

ஒரு விண்ணப்பத் தளம். இடப்பக்கம் தலைப்புகள், ஒன்றின்மேல் மவுஸ் போனால் வலப்பக்கம் துணைப்பட்டியல். வேண்டியது அந்தப் பட்டியலின் அடியில் இருந்தது. அம்மா மவுஸை நேராக அதை நோக்கிக் கீழே சாய்த்து நகர்த்துவார். வழியில் கர்சர் அடுத்த தலைப்பின்மேல் படும், உடனே வேறு பட்டியல் வந்துவிடும். "நான் எதுவும் பண்ணலையே" என்பார். கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். முதலில் நேர் வலம், அப்புறம் நேர் கீழே. ஒரு படிவம் நிரப்ப இத்தனை நிதானமா?

இது 1980-களிலேயே தீர்க்கப்பட்ட சிக்கல் என்பதுதான் எரிச்சல். ஆப்பிளில் இருந்த புரூஸ் டாக்னசினி மேக் மெனுக்களுக்காக 'வி' வடிவத்தில் ஒரு சலுகைப் பகுதி வைத்தார். கர்சர் துணைப்பட்டியலை நோக்கிச் சாய்வாகப் போகிறவரை, இடையில் எந்தத் தலைப்பின்மேல் பட்டாலும் பட்டியல் மாறாது. அமேசானின் பெரிய மெனுவும் இப்படித்தான் நடந்துகொள்கிறது என்று 2013-இல் பென் கேமன்ஸ் என்ற நிரலாளர் விளக்கி எழுதி, அதே மாதிரி வேலை செய்யும் ஜேகுவரி நிரலையும் இலவசமாகக் கொடுத்தார். கர்சர் இருக்கும் இடத்தையும் துணைப்பட்டியலின் இடப்பக்கத்து இரண்டு மூலைகளையும் சேர்த்தால் ஒரு முக்கோணம். கர்சர் அதற்குள் நகர்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

முக்கோணக் கணக்கு வேண்டாம் என்றால் தாமதம் வைக்கலாம். இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2009-இல் பெரிய மெனுக்களுக்குச் சொன்னது: கர்சர் அரை நொடி நின்றால் திற, திறப்பதை 0.1 நொடிக்குள் முடி, கர்சர் வெளியேறி அரை நொடி ஆனபின் மூடு. என் அனுபவத்தில் திறக்க அரை நொடி கொஞ்சம் அதிகம், 0.2 போதும். மூடுவதில் மட்டும் தாராளமாக இருங்கள். கை நடுங்குகிறவர்களுக்கு அந்த அரை நொடி பெரிய உதவி.

—

ஹோவரே (மவுஸ் மேலே வந்ததும் விரிவது) வேண்டாம், கிளிக் வையுங்கள் என்பது என் கட்சி. ஐபேடில் முதல் தொடுதலில் மெனு விரியும், இரண்டாவதில்தான் பக்கம் திறக்கும். எங்கள் அலுவலகத் தளத்தில் பாதிப் பேர், லிங்க் உடைந்துவிட்டது என்று எழுதினார்கள்.

—

கட்சி சரிதான், ஆனால் எங்கள் துணிக்கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். மவுஸ் பட்டதும் விரிந்தால்தான் அவருக்குத் தளம் 'உயிரோட' இருக்கிறதாம். அதனால் கருவியின் தன்மையைப் பார்த்து சிஎஸ்எஸ்ஸைப் பிரிக்கும் மீடியா குவெரியில் 'ஹோவர்' இருக்கிற கருவிகளுக்கு மட்டும் விரியும் மெனு, மற்றவற்றுக்குத் தொட்டுத் திறக்கும் பொத்தான் என்று பிரித்துவிட்டோம். எஸ்கேப் விசையை அழுத்தினால் மூடும்படியும் செய்தோம். மவுஸை நகர்த்தாமலே மூட ஒரு வழி வேண்டும் என்று, எல்லாரும் தளத்தைப் பயன்படுத்த உதவும் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1-இன் (2018) 1.4.13 விதி கேட்கிறது. திரையைப் பெரிதாக்கிப் படிக்கிறவர்களுக்கு, விரிந்த மெனு அடியில் இருப்பதை மறைத்துக்கொண்டு நின்றால் வேறு வழி இல்லை. தொடுதிரையும் மவுஸும் சேர்ந்த லேப்டாப்பில் மட்டும் இன்னும் இழுபறி. அதில் யாராவது ஒழுங்காகச் செய்திருந்தால் எழுதுங்களேன்.